அதை அல்ல, அவளை

முதல் நாள் காலையிலேயே என் பெயர் மாறிப்போனது. ஊரில் நான் ஜெயந்தி. விட்பி என்ற புறநகரில் நான் வேலை செய்யும் பேக்கரியில் சூப்பர்வைசர் என்னை "ஜேயாந்தி" என்று நடுவில் இழுத்துக் கூப்பிடுவார். கனடாவுக்கு வந்த சில மாதங்களில் அதற்கு என் காது பழகிவிட்டது. ஆனால் ரொறன்ரோவின் நடுவே, கொலிஜ் வீதியில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே நடந்த ஸ்பானிய வகுப்பில் ரீச்சர் பெயர்களை வாசித்தபோது "ஹெயந்தி" என்றார். யாரும் கையை உயர்த்தவில்லை. மறுபடியும் "ஹெயந்தி?" என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பெயர் கொடுத்து முடிந்தபின் நான் மட்டும்தான் மிஞ்சியிருந்தேன். ஸ்பானிய மொழியில் என் பெயரின் முதல் எழுத்தான 'J'க்கு 'ஹ' ஒலிதானாம். திருத்திக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மொழி பேசும் ஒருத்தி எனக்கு அனுப்பிய குரல்செய்திகளில் "ஹெயந்தி, ஹெயந்தி" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அது என் பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவள் பெயர் மரிசோல். என் தம்பி சுதனின் மனைவி. எக்குவடோரில் குவாயாகில் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறாள். அவளை நான் நேரில் கண்டதில்லை. சுதன் மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு என்றுதான் புறப்பட்டான். எக்குவடோர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து தரைவழியாக ஒவ்வொரு நாடாகக் கடந்து வரவேண்டும் என்பது ஏஜென்சிக்காரனின் திட்டம். அந்த ஏஜென்சிக்காரன் குவாயாகிலில் ஒரு லொட்ஜில் சுதனையும் கூட வந்தவர்களையும் விட்டுவிட்டு மறைந்துபோனான். மற்றவர்கள் வேறு வழி தேடிப் போனார்கள். சுதன் அங்கேயே இறால் பதனிடும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பக்கத்து மேசையில் இறால் உரித்தவள் மரிசோல். அவர்களுக்கு எலேனா என்று ஒரு மகள். அம்மா மட்டும் ஊரில், கல்லடியில், அயலவர்களிடம் "மகன் கனடாவில" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கனடாவுக்கு வந்து சேர்ந்தது கல்யாணம் முடித்த நான்தான். நான் வருவதற்கு முந்திய வருஷம், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார்சைக்கிள் சறுக்கி, சுதன் அந்த ஊரிலேயே செத்துப்போனான்.

செத்தவீட்டை நாங்கள் போனில் பார்த்தோம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் எத்தனையோ பேர் இப்படிப் பார்த்திருப்பீர்கள். ஆடுகிற படம், அறுந்து அறுந்து வரும் சத்தம், யாரோ தெரியாதவர்களின் அழுகை. அங்கே மண்ணில் புதைக்கவில்லை. உயரமான ஒரு வெள்ளைச் சுவரில் அறை அறையாகத் துளைகள் இருந்தன. அதில் ஒன்றுக்குள் பெட்டியைத் தள்ளி, சீமெந்து குழைத்து வாயை அடைத்தார்கள். அம்மா போனுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "என்ட புள்ளய சுவருக்குள்ள வெச்சுப் பூசுறாங்களே, நிப்பாட்டச் சொல்லுங்க" என்று கத்தினார். யாரிடம், எந்த மொழியில் சொல்வது? சீமெந்து பூசிய மனிதன் தன் வேலையை முடித்துக் கரண்டியைத் துடைத்தான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே எண்ணம்தான். அவனை அந்தச் சுவரிலிருந்து எடுக்கவேண்டும். எரித்துச் சாம்பலையாவது ஊருக்கு அனுப்பவேண்டும். நம்முடைய கடலில் கரைக்கவேண்டும். இந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள், அம்மா ஊரிலிருந்து சொல்லச் சொல்ல நான் போனில் தமிழில் எழுதினேன். போன் அதை ஸ்பானிய மொழிக்கு மாற்றியது. நான் அனுப்பினேன். மூன்று வசனங்கள்தான். "எங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்பிவிடுங்கள். பிள்ளை எங்கள் மண்ணில்தான் இருக்கவேண்டும். இவ்வளவு காலமும் நீங்கள் பார்த்துக்கொண்டது போதும்."

மரிசோலிடமிருந்து ஒரு சின்னக் குரல்செய்தி வந்தது. கத்துகிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். அதை இன்னொரு போனுக்குக் கேட்கவைத்து மொழிபெயர்த்தேன். "நான் அதை உங்களுக்குத் தரமாட்டேன். ஒருபோதும் இல்லை. இனிமேல் அதை என்னிடம் கேட்காதீர்கள்." அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அழைத்தாலும் அவள் போனைத் தூக்குவதில்லை. அம்மா ஊரில் சாப்பாட்டை விட்டார். "செத்தவன வெச்சுக்கொண்டு அவள் என்ன செய்யப்போறாள்? ஒருக்காக் கெஞ்சிப் பாரு மகள்" என்றார். கெஞ்சுவதென்றால் வாயால்தான் கெஞ்சவேண்டும். அதனால்தான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் நேரே கேட்பார். "இங்கிலீஷே உமக்கு இன்னும் ஒழுங்கா வரேல்லை. அதுக்குள்ள ஸ்பானிஷோ?" என்றார். "போனிலை போட்டால் அது சொல்லிப்போடும்தானே?"

"போன் சொல்லுறதக் கேட்டு அவள் மனம் இரங்குவாளா?" என்றேன்.

அவர் "ரீச்சரின்ரை பேர் என்ன?" என்று கேட்டார். லூஸ் என்றேன். அவர்களுடைய மொழியில் வெளிச்சம் என்று அர்த்தம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சரி. நல்ல ஆளிட்டைத்தான் படிக்கப் போறீர்" என்றார். ஆனாலும் திங்கட்கிழமை அவரே என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

விட்பியிலிருந்து ரொறன்ரோவுக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. விட்பியில் நான் அறிந்ததெல்லாம் ஒரே மாதிரியான வீடுகளும், அவற்றுக்கு நடுவே பஸ்சும், பேக்கரியும்தான். ரயிலை விட்டு இறங்கியதும் நிலத்துக்குக் கீழே ஒரு பெரிய நகரம் இருந்தது. எந்தப் படியால் ஏறினாலும் வேறொரு தெரு வந்தது. அழுக்குப் பனி குவிந்த ஒரு மூலையில் நின்று ஒரு பெண்ணிடம் கொலிஜ் வீதி எங்கே என்று கேட்டேன். அவள் எந்தக் கொலிஜ் என்று கேட்டாள். எனக்கு ஒரு கொலிஜும் வேண்டாம், வீதிதான் வேண்டும் என்றேன். அவள் "சொறி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். ஊரில் நான் கணக்கு ரீச்சர். வகுப்புக்குப் பிந்தி வருகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்தவள். அன்று ஈரச் சப்பாத்தோடு, மூச்சு வாங்க, பிந்திப்போய் வாசலில் நின்றபோது எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாகப் படிக்க வந்தவர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். பனிக்காலத்தை கியூபாவில் கழிப்பதற்காகப் படிக்கிறாராம். ரீச்சர் லூஸ் கொலம்பியாக்காரி. என் வயதுதான் இருக்கும். சின்ன உருவம், பெரிய குரல். சில சொற்கள் எனக்கு உடனே பிடித்துப்போயின. 'நான் போகிறேன்' என்பதற்கு அவர்கள் சொல்லுவது கிட்டத்தட்ட நம்முடைய 'போய்' மாதிரியே கேட்டது. அதைக் கேட்டு நான் சிரித்தபோது ரீச்சரும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

இரண்டாம் நாள் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். என்னிடம் உண்டு, பெயர் என்ன, எங்கே வசிக்கிறார். முதல் வாரத்தில் நிகழ்காலம் மட்டும்தான். இறந்தகாலம் பிறகு, இன்னும் இரண்டு நிலை தாண்டித்தான் வருமாம். என் முறை வந்தது. நான் எழுந்து, "தெங்கோ உன் எர்மானோ" என்றேன். எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான். பெயர் சுதன். எக்குவடோரில் வசிக்கிறான். என்னிடம் இருந்த சொற்களால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ரீச்சர் உற்சாகமாகிவிட்டார். எக்குவடோரில் என்ன செய்கிறார் என்று கேட்டார்.  தெரிந்திருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"நாதா."

ஒன்றும் செய்வதில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, "கொடுத்து வைத்த மனிதர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடற்கரையோடு வீடா என்றும் கேட்டார். நானும் சிரித்தேன்.  அம்மா அயலவர்களிடம் வருஷக்கணக்காகச் சொன்னதுபோல ஒரு பொய்யை நிமிஷத்தில் நானும் சொல்லிவிட்டேன். அதோடு, சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் ஆண்பால், பெண்பால். அந்த மொழியில் மேசைக்கும் பால் உண்டு, புத்தகத்துக்கும் பால் உண்டு. ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா'. இரவு, வீடு, சிறுமி எல்லாம் லா. பின்னேரம் ரயிலில் திரும்பும்போது, தினமும் செய்வதுபோல, மரிசோலின் கடைசிச் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டேன். இவ்வளவு நாளும் வெறும் சத்தமாக இருந்தது அன்றைக்கு முதன்முதலாகத் துண்டு துண்டாகச் சொல்லாகியது. "நோ செ லா போய் ஆ தார்." இல்லை என்கிறாள். 'போய்' வருகிறது. நடுவில் ஒரு 'லா' இருக்கிறது. கடைசி வசனத்திலும் இன்னொரு 'லா'.

சுதன் ஆண். அவனுக்கு எப்படி லா வரும்? சாம்பலாக இருக்குமோ என்று போனில் தேடினேன். சாம்பல் பன்மை, அதற்கு வேறு வடிவம். எலும்பு ஆண்பால். உடல் ஆண்பால். கணக்கில் விடை பிழைத்தால் எங்கேயோ ஒரு வரியில் பிழை விட்டிருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். விட்பி வந்ததும் தெரியாமல் இருந்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, கணவரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ரீச்சரிடம் போனைக் கொடுத்தேன். என் தம்பி உயிரோடு இல்லை என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டி இருந்தது. அவர் முகம் மாறியது. "அன்றைக்கு நான் கேட்டேனே..." என்று தொடங்கினார். பரவாயில்லை, இதைக் கேளுங்கள் என்றேன். அவர் மரிசோலின் குரலை இரண்டு தரம் கேட்டார்.

"இந்தப் பெண்ணிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

"என் தம்பியின் சாம்பலை."

"நீங்கள் எழுதியதைக் காட்டுங்கள்."

போன் மாற்றித் தந்த ஸ்பானிய வசனங்களை மேலே தள்ளிக் காட்டினேன். வாசித்துக்கொண்டு போனவர் பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதில் உங்கள் தம்பியே இல்லை. இதில் ஒரு சிறுமிதான் இருக்கிறாள். 'எங்கள் சிறுமியை எங்களிடம் அனுப்பிவிடுங்கள். அவள் எங்கள் நாட்டில்தான் இருக்கவேண்டும். நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டது போதும்.' இதுதான் எழுதியிருக்கிறது."

 "அப்ப அவள் சொன்னது?" என்று கேட்டேன்.

"'அவளை உங்களுக்குத் தரமாட்டேன். ஒருநாளும் தரமாட்டேன். இனிமேல் அவளை என்னிடம் கேட்காதீர்கள்.'" ரீச்சர் போனைத் திருப்பித் தந்தார். "அதை அல்ல. அவளை."

பிள்ளை. இவ்வளவுதான். நாற்பது வயது மகனையும் நாம் பிள்ளை என்கிறோம், செத்த பிறகும் பிள்ளை என்கிறோம். போனுக்கு அது தெரியவில்லை. எலேனாவின் படங்கள் எங்கள் செய்திகளுக்கு நடுவே நிறைய இருந்தன, அதனாலோ என்னவோ, பிள்ளை என்றதும் அது அந்தச் சிறுமியை எடுத்துக்கொண்டது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், முகம் தெரியாத ஒரு குடும்பம், தூர தேசத்திலிருந்து, உன் மகளை அனுப்பு என்று எழுதியிருக்கிறது. நாங்கள் இங்கே இரண்டு நாடுகளில் இருந்து அவளைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

ரீச்சர் தானே அவளைக் கூப்பிட்டு விளங்கப்படுத்துவதாகச் சொன்னார். புதுக்குரலைக் கேட்டால் அவள் இன்னும் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். நானே பேசுகிறேன் என்றேன். என்னிடம் இருந்த சொற்களையே அடுக்கி, சரியா என்று கேட்டேன். ரீச்சர் ஓரிடத்தில் மட்டும் திருத்தினார். அந்த வெறும் வகுப்பில், யன்னலுக்குக் கீழே ட்ராம் மணி அடித்துக்கொண்டு போக, நான் போனில் என் குரலைப் பதிந்தேன். நான் ஹெயந்தி. எலேனா உன் மகள். எலேனா உன்னோடு வசிக்கிறாள். எப்போதும். மன்னித்துக்கொள். போன் பிழை. சுதன், எலேனா இல்லை. மன்னித்துக்கொள்.

செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைக் குறிதான் விழுந்தது. அவளுக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அதே ஒற்றைக் குறி. வகுப்பின் கடைசி நாளில் எல்லோரும் ஒரு பாட்டுப் பாடினார்கள். நான் மடியில் போனை வைத்துக்கொண்டு வாயசைத்தேன். ரீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்தினார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். நம்பரை மாற்றிவிட்டாளோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாளோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. என் கணவர்தான் முதலில் பார்த்தார். "எடும், எடும்" என்று அடுப்பை அணைத்தார்.

"ஹெயந்தி?"

"சி" என்றேன். ஆம் என்பதற்கு ஓம் என்று சொல்ல வந்த வாய்.

அவள் பேசத் தொடங்கினாள். மழை கூரையில் விழுவதுபோல இருந்தது. மெதுவாக, மெதுவாக என்று கேட்டேன். அவள் நிறுத்தி, மூச்செடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பயம். பள்ளிக்கூடம். எலேனா. இல்லை. அவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்கு நேரம் எடுத்தது. யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளையை அவள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. நான் மன்னித்துக்கொள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அழுகைதான். அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இ சுத்தான்?"

சுதன்? அவனை என்ன செய்வது? நான் கெஞ்சுவதற்காகப் படித்த மொழி. கேட்க வேண்டிய இடமும் இதுதான். இப்போது கேட்டால் அவள் தந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. மகளை விட்டுவிட்டார்கள் என்ற நன்றியில் எதையும் தருவாள். அப்படித் தரும்போது மரிசோல் அனுப்பிய படங்களில் கண்டதுபோல ஞாயிற்றுக்கிழமைகளில் எலேனா அந்த வெள்ளைச் சுவரடியில் போய் நிற்பதற்கு ஓரிடம் இல்லாமல் போகும்.

"அங்கே" என்றேன் அவளுடைய மொழியில். "உங்களோடு."

போனை வைத்தபின் என் கணவர் கேட்டார். "என்ன சொன்னீர்?"

"சுதன் அங்கயே இருக்கட்டும் எண்டன்."

அவர் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார். "மாமியிட்டைக் கேக்கேல்லையே?"

"கேட்டா ஓமெண்டு சொல்லுவாவா?"

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். ஊரில் அப்போது பொழுது பட்டிருந்தது. முதலில் போன் செய்த பிழையைச் சொன்னேன். "அடியே, நாம அந்தப் புள்ளயப் பறிக்கிறமெண்டா நினைச்சாள்?" என்று பதறினார். "பள்ளிக்கும் விடாம வெச்சிருந்தாளா? பாவி நாம." பிறகு மற்றதைச் சொன்னேன்.  

"யாரக் கேட்டுக் குடுத்தாய்?" என்றார் அம்மா. "நான் பெத்தவன். நீ யாரடி குடுக்க?"

  நான் செய்தது சரிதான் என்று என் கணவர் சொல்கிறார். ரீச்சர் லூஸும் சொன்னார். அம்மா அதைப் பற்றி இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் போனை வைக்கும் முன்னர் ஒன்று கேட்டார். "அந்தப் புள்ளயக் காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வீடுகளையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். மேல் பாதியில் அம்மா, நல்ல சீலை உடுத்து, தலைமுடி வாரி இழுத்து, கதிரையின் நுனியில் இருந்தார். கீழ்ப் பாதியில் எலேனா. சுதனின் அதே அகன்ற நெற்றி. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மா விரலால் திரையைத் தடவினார். விரல் கமராவில் பட்டு எங்களுக்குப் படம் கறுப்பாக மறைந்தது.

"சாப்பிட்டாளா எண்டு கேளு மகள்."

எனக்குச் 'சாப்பிடுகிறாயா' தான் தெரியும். கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றாள் எலேனா. ஓமாம் அம்மா என்றேன். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்பாட நினைவு கிடக்கா எண்டு கேளு."

நினைவு என்பதற்குச் சொல் தெரியவில்லை. அப்பா என்ற சொல்லை மட்டும் சொன்னேன். "பப்பா?" எலேனாவின் கண்கள் விரிந்தன. அவள் கைகளை விரித்து, எழுந்து, உட்கார்ந்து, மூச்சுவிடாமல் எதையோ நீளமாகச் சொன்னாள். நடுவில் ஏதோ ஒன்றைப்போல நடித்தும் காட்டினாள். மரிசோல் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அது சுதனைப் பற்றிய ஒரு கதை. நடந்து முடிந்த கதை. முழுவதும் நான் படிக்காத இறந்தகாலத்தில் இருந்தது.

"என்னவாம்? என்ன சொல்லுறாள்?" என்றார் அம்மா, திரைக்கு நெருங்கி.

எலேனாவும் பேச்சை நிறுத்தி, பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம். ஓர் ஓரத்தில், தபால்தலை அளவுச் சின்னச் சட்டத்துக்குள், விட்பி வீட்டின் வெள்ளைச் சுவருக்கு முன்னால், என்னுடைய முகம். அவர்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வாயைத் திறந்தபடி இருந்தது.